பூஸ்டர் வைத்தவன் மட்டும்தான் குற்றவாளியா?

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் கான்கிரீட் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காதவர் ஓடிபிக்காக மொட்டை மாடி ஏறுகிறார். அலுத்துப் போய்த்தான் பூஸ்டர் வாங்குகிறார். அதுவோ சட்டவிரோதம்! உரிமம் பெற்ற செல்போன் கம்பெனி தவிர வேறு யாரும் அதை வைத்திருக்கவோ விற்கவோ கூடாது என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை மறுபடியும் எச்சரித்தது.

காரணம் பொய்யில்லை. திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கொய்ங்ங்...' என்று ஊளையிடுமே, மாடி ஆன்டெனாவும் வீட்டு ஆன்டெனாவும் நெருங்கியிருந்தால் அதே கதைதான். அந்த இரைச்சலில் பக்கத்துத் தெருக்காரர் 108-ஐக் கூப்பிட்டாலும் டவருக்குக் கேட்காமல் போகலாம்.

அதற்காக ஒரேயடியாகத் தடையா? அமெரிக்காவில் எஃப்சிசி 2013-ல் விதி வகுத்தது: ஊளை வந்தால் தானே அடங்கும் கருவி, கம்பெனியிடம் பதிவு, இடைஞ்சல் என்றால் உடனே அணைக்க வேண்டும். இங்கே வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு வழியே இல்லை. (வைஃபை காலிங் இருக்கிறதே என்பவர்கள் பிராட்பேண்டும் இழுத்துக் கொடுக்கட்டும்.) ரீசார்ஜ் பணம் மட்டும் தவறாமல் போகிறது.

சபையில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்குக் குடவோலையில் இடமில்லை என்று பராந்தகச் சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டிய ஊர் இது. பூஸ்டரைப் பறிமுதல் செய்ய வரும் அதிகாரி, அந்த வீட்டுக்குள் சிக்னல் எவ்வளவு என்று அளந்து, கம்பெனிக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பட்டும்.