ஆறரைக்கு ஆசைப்பட்ட கதை!

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா மக்களே? பியூரெட்டில் ஆசிட், கீழே ஃபிளாஸ்க்கில் தண்ணீர், அதில் ரெண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு... மஞ்சள் நிறம் மாறியதும் ரீடிங் எடுத்து, 'தண்ணீரின் காரத்தன்மை கண்டறிதல்' என்று ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அன்றைக்கே மறந்துவிடுவோமே... அதே எக்ஸ்பெரிமென்ட்தான். லேபில் எனக்கு அதில் முழு மார்க். வீட்டு மீன் தொட்டியில் ஃபெயில். அரியர் எழுதிப் பாஸ் பண்ண முடியாத ஃபெயில்... என் நாலு டிஸ்கஸ் மீன்களும் செத்துப்போயின.

டிஸ்கஸ் தெரியும்தானே? தட்டு மாதிரி வட்டமாக, ஒல்லியாக, நீலமும் ஆரஞ்சுமாக வரி வரியாக இருக்கும். 'தொட்டி மீன்களோட ராஜா'ம்பாங்க. குஞ்சுகள், அப்பா அம்மா உடம்பில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்றே வளரும். சொந்த ஊர் அமேசான். ஹெக்கல் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1840-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இலையும் சருகும் ஊறி, டீ டிகாஷன் நிறத்தில் ஓடும் ரியோ நீக்ரோ மாதிரி ஆறுகளில் வாழும் மீன் இது. அந்தத் தண்ணீரில் உப்புகள் ரொம்ப ரொம்பக் கம்மி. பி.எச். 5-ஐச் சுற்றி இருக்கும்.

ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசில், சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைத் தெருவில் நாலு வாங்கினேன். ஆக்சிஜன் அடைத்த கவரை மடியில் வைத்துக்கொண்டு உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் தஞ்சாவூர் வந்து சேர்ந்தேன். அங்கே ஒருத்தர் சொன்ன ஒரே வரி மட்டும் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, பி.எச். ஆறரை இருக்கணும்!"

எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர். வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் பொருக்கு படியுமே, அந்த ரகம். தொட்டியில் சோதித்தால் 7.8. விடுவேனா? பி.எச். குறைக்கும் ஆசிட் பாட்டில் வாங்கி ஊற்றினேன். சாயங்காலம் 6.5! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். காலையில் பார்த்தால் 7.6. மறுபடி ஊற்று, மறுபடி ஏறு... மூணு வாரத்தில் மூணு பாட்டில் காலி. புதுத் தண்ணீர் விட்டால் ஏறிவிடுமே என்று தண்ணீர் மாற்றுவதையும் நிறுத்திவிட்டேன். எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்க!

உள்ளே நடந்தது இதுதான். பி.எச். என்பது லாக் ஸ்கேல். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் லேபில் சோரன்சன் என்பவர் 1909-ல் கொண்டுவந்தது. 7.5-லிருந்து 6.5 என்றால் 'ஒண்ணுதானே' இல்லை. ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு! மீனுக்கு அது தினமும் காலையும் மாலையும் வேறு வேறு ஊரில் குடியிருப்பது மாதிரி.

சரி, ஏன் திரும்பத் திரும்ப ஏறியது? நம்ம போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கிறது. ஆசிட் விட்டால் அது பாய்ந்து வந்து ஆசிட்டைத் தின்றுவிட்டு, கார்பன் டை ஆக்ஸைடாக மாறும். அந்த வாயு தண்ணீரில் இருக்கும்வரை பி.எச். குறைந்து காட்டும். ராத்திரி முழுக்க ஏர் பம்ப் குமிழ் விட விட வாயு வெளியேறும், பி.எச். ஏறும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பைகார்பனேட் கொஞ்சம் செலவாகிவிடும். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியாக்களும் மீன் கழிவை நைட்ரேட்டாக மாற்றும்போது தங்கள் பங்குக்கு அதையே தின்னும். லேபில் பியூரெட்டைத் திறந்து அளந்தோமே, அது இந்தக் கையிருப்பைத்தான். நான் மூணு வாரமாக வீட்டில் டைட்ரேஷன் பண்ணிக்கொண்டிருந்தேன், எண்ட் பாயின்ட் எங்கே என்று தெரியாமலே!

எண்ட் பாயின்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிட்டில் அடிமட்ட மஞ்சள் நிறம். பி.எச். 6, அல்லது அதற்கும் கீழே. மீன்கள் கறுத்துப் போய் மூலையில் ஒதுங்கியிருந்தன. பதறிப்போய் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, போர்வெல் தண்ணீரை நிரப்பினேன். பி.எச். கிடுகிடுவென்று ஏழரையைத் தாண்டியது. 'அப்பாடா' என்றேன். ராத்திரிக்குள் நாலும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன.

காப்பாற்ற நினைத்த கையே கொன்றுவிட்டது என்பது எனக்கு விளங்கியது தொட்டிக்கு முன்னால் இல்லை. வயலில்!

அப்பா சம்பாவுக்கு யூரியா போட வாய்க்கால் மடையை அடைத்து, வயல் தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா தண்ணிய வடிக்கிற?" என்றேன். "நிக்கிற தண்ணியில, நல்ல வெயில்ல போட்டா உரம் ஆவியாப் போயிடும்டா. இதுகூடவா காலேஜ்ல சொல்லித் தரல?" என்றார்.

பல்பு எரிந்தது. வயல் தண்ணீரில் பாசி இருக்கிறது. வெயில் நேரத்தில் அது கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சிவிடுவதால் பி.எச். 9 வரைகூட ஏறும். யூரியா உடைந்து வரும் அம்மோனியம், பி.எச். ஏறினால் அம்மோனியாவாகி காற்றில் பறந்துவிடும். அப்பாவுக்குக் காசு நஷ்டம். என் தொட்டியிலும் அதே கெமிஸ்ட்ரிதான். அமிலத் தண்ணீரில் பாக்டீரியா வேலை நிறுத்தம் செய்ததால், மீன் கழிவு அப்படியே தேங்கியது. ஆனால் பி.எச். 6-ல் அது கிட்டத்தட்ட முழுக்க அம்மோனியம், பெரிய விஷம் இல்லை. 28 டிகிரி சூட்டில் பி.எச். 7-ல் நூற்றில் ஒரு பங்குகூட அம்மோனியாவாக இருக்காது. 8-ல் ஆறேழு பங்கு! நான் ஊற்றிய போர்வெல் தண்ணீர், தூங்கிக்கொண்டிருந்த விஷத்தைத் தட்டி எழுப்பிவிட்டது.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? ஆசிட்டே தேவைப்பட்டிருக்காது. இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் டிஸ்கஸ்களில் பெரும்பாலானவை அமேசானைப் பார்த்ததே இல்லை. பண்ணைத் தொட்டியில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்தவை. ஏழரை, ஏழே முக்காலிலும் நன்றாகவே வளரும், அது ஆடாமல் அசையாமல் இருந்தால். முட்டை பொரிக்க வைக்கும்போதுதான் உப்பு குறைந்த தண்ணீர் வேண்டும்.

டிஸ்கஸ் ஆசையில் இருக்கும் ஃப்ரெண்ட்ஸ், இதையாவது கேட்டுக்கோங்க:

மீன் வாங்குவதற்கு முன்னால் ஒரு பக்கெட் தண்ணீரில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விட்டு பி.எச். பாருங்கள். எங்கள் போர்வெல்லில் பிடித்தவுடன் 7.3, மறுநாள் 7.8. மறுநாள் வருவதுதான் உங்கள் தண்ணீரின் நிஜமான நம்பர்.

பி.எச். கிட்டோடு கார்பனேட் கடினத்தன்மை கிட்டும் அம்மோனியா கிட்டும் வாங்குங்கள். கையிருப்பு தெரியாமல் பி.எச். மட்டும் பார்ப்பது, பேலன்ஸ் பார்க்காமல் ஏ.டி.எம். கார்டு தேய்ப்பது போல.

பி.எச். குறைத்தே ஆகவேண்டும் என்றால் ஆசிட் வேண்டாம், மழைத் தண்ணீரைக் கலங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம டெல்டாவில் அதற்கா பஞ்சம்? முதல் மழையை விட்டுவிட்டு, சிமென்ட் தரை படாமல், சுத்தமான பிளாஸ்டிக் டிரம்மில் நேராகப் பிடிக்க வேண்டும். ஆனால் மழைத் தண்ணீரில் பைகார்பனேட் கையிருப்பு கிடையாது. அதனால் முழுக்க அதையே ஊற்றாமல், எப்போதும் ஒரே அளவில் போர்வெல் தண்ணீரோடு கலந்தே விடுங்கள்.

பி.எச். ஏற்கனவே விழுந்துவிட்டதா? பதறாதீர்கள். தீனியை நிறுத்துங்கள், அம்மோனியா பாருங்கள். இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில் மாற்றுங்கள். ஒரே நாளில் சரிசெய்ய நினைத்தவன் எழுதும் கட்டுரை இது.

இப்போது என் தொட்டியில் குட்டி டிஸ்கஸ் ஆறு. வாரம் ரெண்டு தடவை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்த, அதே சூட்டில் இருக்கிற தண்ணீர். பி.எச். 7.8. நேற்றும் அதுதான், போன மாசமும் அதுதான். அந்த ஆசிட் பாட்டில் மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது, என் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டுக்குப் பக்கத்திலேயே.