தாளும் திரையும்

அறிக்கை என்பது எண்களை அடுக்கி வைக்கும் இடம் மட்டுமன்று. முடிவெடுப்பவர் கண்முன் உண்மையைக் கொண்டு நிறுத்தும் கருவியும் ஆகும். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையானாலும் அரசுத் துறையின் புள்ளிவிவரத் தொகுப்பானாலும், வாசிப்பவர் எதைக் காண்பார், எதைக் காணாமல் கடந்து செல்வார் என்பதை அதன் பக்க அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. அச்சுத் தாளில் வெளிவந்த அறிக்கைகள் பலவும் இன்று 'டேஷ்போர்டு' எனப்படும் தகவல் பலகைகளாகக் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்து வருகின்றன. அவற்றில் ஆண்டையோ ஊரையோ பொருளையோ தொட்டுத் தேர்ந்தெடுத்தால், எண்களும் வரைபடங்களும் அதற்கேற்ப உடனே மாறுகின்றன. இனி அச்சறிக்கைக்குத் தேவையில்லை என்னும் கருத்தும் எழுந்துள்ளது. அது பாதி உண்மையே.

தாளின் எல்லை

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். உயரம் 297 மில்லிமீட்டர். ஐம்பது கிளைகளின் பன்னிரண்டு மாத விற்பனையை அதில் அடக்க வேண்டுமானால், எழுத்தைச் சிறிதாக்க வேண்டும். இல்லையேல் அட்டவணையைப் பல பக்கங்களாகப் பிரிக்க வேண்டும். பிரித்தால், முதற்பக்கத்து எண்ணை நினைவில் வைத்துக்கொண்டே மூன்றாம் பக்கத்து எண்ணோடு ஒப்பிடும் சுமை வாசிப்பவரைச் சேர்கிறது. மேலும், எழுதியவர் வகுத்த வரிசையை வாசிப்பவரால் மாற்ற இயலாது.

இக்குறை உயிரிழப்பு வரை செல்லக்கூடும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்தது, எழுவர் உயிரிழந்தனர். கடுங்குளிரில் ஏவினால் ராக்கெட்டின் இணைப்பு வளையங்கள் சரிவர அடைபடாமல் போகலாம் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்து, 13 தாள்களைத் தொலைநகல் வழியே அனுப்பியிருந்தனர். வளையச் சேதங்களின் வரலாறு ஒரு தாளில் இருந்தது; வெப்பநிலை வேறொரு தாளில் இருந்தது. முந்தைய பயணங்கள் அனைத்தையும் வெப்பநிலை வரிசையில் ஒருங்கே காட்டும் படம் ஒன்றுகூட அவற்றுள் இல்லை. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், குளிருக்கும் சேதத்திற்கும் உள்ள தொடர்பை அன்றிருந்த தரவுகளே உணர்த்தியிருக்கும் என்பதை விசாரணை ஆணையம் பின்னர்ச் சுட்டிக்காட்டியது.

திரையின் ஆற்றல்

தரவை வேண்டிய வரிசையில் அடுக்கிப் பார்க்கும் உரிமையைத் திரை வாசிப்பவருக்கு அளிக்கிறது. நாள்தோறும் மாறும் செய்திகளுக்கு அது மிகவும் பொருத்தமானது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2020 ஜனவரி 22 அன்று தொடங்கிய கொரோனாத் தகவல் பலகை, நாடுவாரியாகத் தொற்றையும் இறப்பையும் 2023 மார்ச் 10 வரை காட்டிவந்தது. அவ்வெண்களை அச்சிட்டிருந்தால், தாள் கைக்கு வருமுன்னரே அவை பழையனவாகியிருக்கும்.

திரையின் குறை

ஆனால், திரை கேள்வியை எதிர்பார்த்து நிற்பது. எதைக் கேட்பது என்று அறியாதவருக்கு முதல் காட்சியே முழு உண்மையாகத் தோன்றிவிடும். தாளின் நெருக்கடியோ எழுதுபவரைத் தேர்ந்தெடுக்கத் தூண்டுகிறது. கிரிமியப் போரில் காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே மிகுதியான படைவீரர்கள் இறந்தனர் என்பதை, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் ஒரே அச்சுப் படத்தால் உணர்த்தினார். அதைப் புரிந்துகொள்ள எதையும் தொட வேண்டியதில்லை, பார்த்தாலே போதும்.

மற்றொரு குறை நிலையாமை. நேற்றுத் திரையில் இருந்த எண் இன்று திருத்தப்பட்டிருந்தால், பழைய எண்ணுக்குச் சான்று எங்கே? 1881ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அச்சுத் தொகுதிகளை இன்றும் படிக்க முடிகிறது. ஆனால், ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டதும், அதனை நம்பி உருவாக்கப்பட்ட ஊடாடும் வரைபடங்கள் பலவும் உலாவிகளில் இயங்காமல் போயின.

இரண்டுக்கும் உரிய இடம்

ஒன்றின் வடிவத்தை மற்றொன்றின்மேல் சுமத்துவதே உண்மையான தவறு. தகவல் பலகையை அப்படியே அச்சிட்டால், நகர்த்திப் பார்க்க வேண்டிய அட்டவணை பாதியில் அறுபடும். தொட்டால் தோன்றும் எண்கள் தாளில் தோன்றா. அவ்வாறே, தாளுக்கென வடிவமைத்த பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தால், ஒரு வரியைப் படிக்கவும் இடமும் வலமுமாக இழுக்க நேரிடும்.

ஆராய்ந்து தேடுவதற்குத் திரை ஏற்றது. பொறுப்பேற்று உறுதி கூறுவதற்குத் தாளே ஏற்றது. ஆகவே, பொதுமக்களுக்கும் பங்குதாரர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைப்புகள், தகவல் பலகையைத் திறந்து வைப்பதோடு நின்றுவிடலாகாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, நாளிட்டு, கையொப்பமிட்டு, மாற்ற இயலாத அறிக்கையையும் வெளியிட வேண்டும். திரையில் தேடிக் கண்டதைத் தாளில் நிலைநிறுத்தும்போதுதான், எண்களை வெளியிட்டவரை அவ்வெண்களுக்குப் பொறுப்பாக்க முடியும்.