நினைவும் நிதியமும்: பேராசிரியர் துரைராஜாவை முன்னிறுத்திச் சில வினாக்கள்

பெரியோர் ஒருவர் மறைந்ததும் அவர் பெயரால் ஏதேனும் செய்தல் வேண்டும் என்னும் துடிப்பு எழுவது இயல்பே. பேருரை நிகழ்கின்றது, மலர் வெளிவருகின்றது, பதக்கம் நிறுவப்படுகின்றது. சில ஆண்டுகள் கழியப் பேருரை மண்டபத்தில் முன்வரிசை மட்டுமே நிரம்புகின்றது. மறைந்தவரைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டு நாம் நம்மையே போற்றிக்கொள்கின்றோமா? இவ்வினாவைப் பேராசிரியர் அழகையா துரைராஜா அவர்களின் நினைவை முன்னிறுத்தி எழுப்புவது பொருத்தமாகும்.

1934 இல் பிறந்த துரைராஜா கேம்பிரிட்ஜில் மண் பொறிமுறையில் ஆய்வு செய்தவர். 1963 இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் இணைந்து களிமண்ணின் இயல்பு பற்றி அவர் எழுதிய கட்டுரை, இன்று உலகெங்கும் பொறியியல் மாணவர் பயிலும் கோட்பாடு ஒன்றுக்கு அடிப்படையாயிற்று. மேலை நாடுகளில் வசதியாக வாழ்ந்திருக்கக்கூடிய அவர் பேராதனையில் கற்பித்தார். 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். எரிபொருள் அரிதாகிய அந்நாள்களில் துணைவேந்தர் துவிச்சக்கர வண்டியில் வளாகத்துக்கு வந்த காட்சியைக் கண்டோர் இன்றும் நெகிழ்ந்து பேசுவர்.

அவர் காலத்திலேதான், 1990 இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கப்பெற்றது. போர் அதனைப் பெயர்த்தது. போர் ஓய்ந்த பின்னரே அது மீண்டது. அவர் அவாவிய பொறியியற் பீடமும் அவர் மறைந்து இரு தசாப்தங்களின் பின் கிளிநொச்சி அறிவியல் நகரில் எழுந்தது. ஆகவே அவர் நினைவுக்கு உரிய இடம் யாழ்ப்பாணத்து மண்டபம் மட்டுமன்று, வன்னி நிலமுமாகும்.

அவர் பெயரால் தங்கப்பதக்கம் ஒன்று ஏற்கெனவே உண்டு. கல்வியிலும் பிற துறைகளிலும் ஒருங்கே சிறந்து விளங்கும் மாணவருக்கு அது உரியது. அதனை வழங்குவோர்மீதோ பெறுவோர்மீதோ எமக்குக் குறையில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்திப்போம். விளையாட்டு, மன்றம், மேடை யாவற்றிலும் ஒருவர் துலங்க வேண்டுமாயின் அவருக்கு ஓய்வுநேரம் வேண்டும். வார இறுதியிற் கொத்து வேலைக்குச் சென்று தாய்க்குப் பணம் அனுப்பும் மாணவனுக்கு அந்த ஓய்வு எங்கிருந்து வரும்? பதக்கம் கடைசி ஆண்டில் வருவது. பசியோ முதலாம் மாதத்திலேயே வருவது.

இன்று முதலாம் வருடத்தில் அமர்ந்திருக்கும் வன்னி மாணவர் 2009 மே மாதத்தில் சிறு குழந்தைகள். தந்தையை இழந்து, தாயின் உழைப்பால் வளர்ந்தோர் அவருட் பலர். மாவட்டக் கோட்டா அவர்களுக்கு வாயிலைத் திறக்கின்றது. வாயிலுக்கு உள்ளே வாழ்வதற்கு அது வழிசெய்வதில்லை.

‘அரசு மகாபொல வழங்குகின்றதே’ என்பர் சிலர். 1981 முதல் அத்திட்டம் ஆற்றிவரும் பணியை மறுப்பார் இலர். ஆயின் வகுப்புத் தொடங்கும் மாதமும் அப்பணம் கைக்கு வரும் மாதமும் ஒன்றல்ல என்பதை மாணவர் யாவரும் அறிவர். அவ்விடைவெளியிலேதான் கடன் புகுகின்றது. சில வேளைகளிற் படிப்பே நின்றுபோகின்றது.

‘முதலை வங்கியிலிட்டு வட்டியை மட்டும் வழங்குவோம், நிதியம் என்றும் நிலைக்கும்’ என்பது இன்னொரு கூற்று. கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து இலட்சம் ரூபாவுக்கு 8 வீத வட்டி ஆண்டுக்கு எண்பதாயிரம். மாதத்துக்கு ஏழாயிரத்துக்கும் குறைவு. ஒரு மாணவருக்கே அது போதாது. 2022 செப்டெம்பரிற் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தபோது, தொடாது காத்த முதலின் பெறுமதியும் உருகிற்று. நிலைத்தது நிதியத்தின் பெயர் மட்டுமே. ஆண்டுதோறும் திரட்டி ஆண்டுதோறும் செலவிடும் நிதியமே உயிருள்ள நிதியம். நூறு பேர் மாதந்தோறும் ஆயிரம் ரூபா தரின் ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சம். பத்து மாணவருக்கு மாதம் பத்தாயிரம் வீதம் வழங்கலாம். விரிவுரையாளர்களும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வாழும் பழைய மாணவர்களும் மனம் வைத்தால் இது பெருந்தொகையன்று.

துரைராஜா நினைவுப் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றை அறிவியல் நகரை மையமாகக் கொண்டு அமைப்பதாயின் அதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, தெரிவு தேவையின் அடிப்படையில் நிகழ்தல் வேண்டும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானமையே தகுதிக்குச் சான்றாகும். இரண்டாவது, முதலாம் மாதத்திலேயே பணம் வழங்கப்படல் வேண்டும். மூன்றாவது, இனமும் மொழியும் வினவப்படலாகாது. தெற்கிலிருந்து அறிவியல் நகருக்கு வரும் ஏழைச் சிங்கள மாணவனும் இதற்கு உரியவனே. பேராதனையில் எல்லா இனத்து மாணவருக்கும் ஆசானாயிருந்தவரின் பெயரை நாம் சுருக்கலாகாது.

நான்காவதே முதன்மையானது. காசோலையை நீட்டுவோரும் பெறுவோரும் நிற்கும் புகைப்படம் எடுக்கப்படலாகாது. கொடுத்தவரின் முகம் மலர, பெற்றவரின் தலை குனியும் அக்காட்சி இன்று நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. ஒருவரின் வறுமையைப் பலரறியக் காட்டிவிட்டு அவருக்கு உதவியதாகச் சொல்வது அறமாகாது. கணக்கு வேண்டுமா? வரவும் செலவும் சதம் பிசகாது ஆண்டுதோறும் அச்சாகட்டும். மாணவரின் பெயர் மட்டும் அச்சாக வேண்டாம்.

எளிமையைப் பறைசாற்றாது வாழ்ந்தவர் துரைராஜா. அவரை ஆரவாரத்தால் நினைவுகூர்வது முரண். அறிவியல் நகரில் ஒரு மாணவி கடன்படாது முதலாம் வருடத்தைக் கடப்பாளாயின், உதவியவர் எவரென அவள் அறியாவிடினும், அதுவே பேராசிரியருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலி. அடுத்த நினைவுநாட் பேருரைக்கு மண்டபம் தேடுமுன், அந்த முதல் ஆயிரம் ரூபாவை நம்முள் யார் தரப்போகின்றோம் என்பதற்கு விடை காண்போம்.