துளித் துளியாய்: ஒரு துண்டுத் துணியும் ஒரு துண்டுக் கடதாசியும்



இந்தப் பக்கத்துக்கென்று நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது மனதில் பதிகின்ற சிறு சிறு செய்திகளை அதில் எழுதி வைப்பது என் வழக்கம். நாடுகள், மனிதர்கள், பழக்கவழக்கங்கள், பழைய சட்டங்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். இம்மாதம் அதைப் புரட்டியபோது, தூர தேசத்துச் செய்திகள் சில ஒரே வரிசையில் வந்து நின்றன. அவற்றில் வருபவை மிகச் சாதாரணமான பொருட்கள். குழந்தைக்குக் கட்டும் துணி, மாச் சாக்கு, ஒரு கடதாசி அட்டை, ஒரு வாக்குச்சீட்டு, ஒரு கூடை. இவற்றை வைத்துக்கொண்டு பெண்கள் என்ன செய்தார்கள் என்பதே இம்மாதத் துளிகள்.

வெள்ளைத் துணி

தென் அமெரிக்காவில் உள்ள ஆர்ஜென்ரீனாவில் 1976 மார்ச் மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை அந்த ஆட்சி நீடித்தது. அக்காலத்தில் வீடுகளிலிருந்தும் வீதிகளிலிருந்தும் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராதவர்கள் சுமார் 30,000 பேர் என்று அங்குள்ள மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன.

பிள்ளைகளைத் தேடி ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிய தாய்மாரில் 14 பேர் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி, தலைநகர் புவனஸ் அயர்ஸில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் ஒன்று கூடினார்கள். கூட்டமாக நிற்பதற்குத் தடை இருந்தது. "நிற்க வேண்டாம், நடவுங்கள்" என்று பொலிஸார் விரட்டினார்கள். தாய்மார் அதையே பிடித்துக்கொண்டார்கள். இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். பின்னர் வியாழக்கிழமை பின்னேரம் அவர்களுடைய நாள் ஆயிற்று.

பெருங்கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் காண, குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் வெள்ளைத் துணியை அவர்கள் தலையில் கட்டிக்கொண்டார்கள். அந்த வெள்ளைத் தலைத்துணியே உலகம் அறிந்த அடையாளமாயிற்று.

அவர்களை ஒன்று சேர்த்தவர் அசுசேனா வில்லாஃப்ளோர். 1977 டிசம்பரில் அவரும் கடத்தப்பட்டார். அவருடைய எச்சங்கள் 2005இல்தான் மரபணுச் சோதனை மூலம் அடையாளம் காணப்பட்டன. அவரது சாம்பல் அதே சதுக்கத்தில் புதைக்கப்பட்டது.

தடுப்பில் இருந்த கர்ப்பிணிகளுக்குப் பிறந்த குழந்தைகள் வேறு குடும்பங்களிடம் கொடுக்கப்பட்டிருந்தன. பாட்டிமார் அவர்களைத் தேடினார்கள். தாயும் தகப்பனும் இல்லாத நிலையில், பேரப்பிள்ளையின் உறவைப் பாட்டன் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு நிறுவ முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டவர்கள் இந்தப் பாட்டிமாரே. அதற்கான வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. 1987இல் இதற்கென்று தேசிய மரபணு வங்கி சட்டப்படி அமைக்கப்பட்டது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் யாரென்று அறியப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் இன்று நடுத்தர வயதுக்காரர்கள். எத்தனையோ பாட்டிமார் பேரப்பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். ஆனால் அவர்கள் கொடுத்துவிட்டுப் போன இரத்தம் அந்த வங்கியில் இருந்து இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

சாக்குத் துணி

ஆர்ஜென்ரீனாவுக்கு அயல்நாடு சிலி. அங்கே 1973 செப்டெம்பர் 11இல் இராணுவம் ஆட்சிக்கு வந்து 1990 வரை இருந்தது. கணவனையும் பிள்ளைகளையும் இழந்த பெண்கள், கத்தோலிக்கத் திருச்சபை கொடுத்த இடங்களில் கூடித் தைக்கத் தொடங்கினார்கள். மாச் சாக்கு அடித்துணி. அதன் மேல் பழைய உடுப்புகளின் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைப்பார்கள். இதற்கு 'ஆர்ப்பியேரா' என்று பெயர். அம்மொழியில் சாக்குத் துணி என்பதே அச்சொல்லின் பொருள். சிலி நாட்டுப் பாடகி வயலெத்தா பார்ரா இந்தக் கலையை முன்னரே புகழ்பெறச் செய்திருந்தார். அவருடைய தையல்கள் 1964இல் பாரிஸ் நகரில் லூவர் மாளிகைத் தொகுதியில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இந்தப் பெண்கள் தைத்தது பூவும் கொடியும் அல்ல. பூட்டிய தொழிற்சாலை, பலர் சேர்ந்து சமைக்கும் பொதுச் சட்டி, "அவர்கள் எங்கே?" என்று எழுதிய பதாகை பிடித்து நிற்கும் பெண்கள் ஆகியவற்றையே தைத்தார்கள். பின்புறம் வானமும் மலையும் இருக்கும். காணாமற்போனவரின் சட்டைத் துண்டு சிலவற்றில் இருந்தது. பின்பக்கத்தில் சிறு பை வைத்து, படத்தின் கதையை எழுதிய கடதாசித் துண்டை அதற்குள் வைப்பதும் உண்டு. இவை வெளிநாடுகளுக்குப் போய் விற்பனையாயின. பத்திரிகைகள் எழுத முடியாத காலத்தில் செய்தியும் வெளியே போயிற்று, அடுப்பும் எரிந்தது.

சிலியின் தேசிய நடனம் ஆணும் பெண்ணும் சோடியாக ஆடுவது. 1978இல் இப்பெண்கள் மேடையேறி அதைத் தனியாக ஆடினார்கள். நெஞ்சில் காணாமற்போனவரின் படம் குத்தியிருந்தது. எதிரே ஆட ஆள் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எழுபது இலட்சம் அட்டைகள்

"செஞ்சிலுவைக் கடிதம்" என்றால் எங்களில் பலருக்கு நெஞ்சு ஒரு கணம் நிற்கும். அந்த ஏற்பாடு எப்படித் தொடங்கியது என்று பார்ப்போம். 1870இல் பிரான்சுக்கும் ஜேர்மனியருக்கும் போர் மூண்டபோது, சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் செஞ்சிலுவை இயக்கத்தினர் ஒரு தகவல் நிலையம் திறந்தார்கள். காயப்பட்டவர்களின் செய்தியை வீட்டாருக்கு அறிவிப்பதே அதன் வேலை.

1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியதும் ஜெனீவாவில் இது பெரிய அளவில் அமைந்தது. கைதிகளின் பெயர்ப் பட்டியல்கள் ஒரு பக்கமிருந்து வரும். "என் மகன் எங்கே?" என்ற கடிதங்கள் மறுபக்கமிருந்து வரும. இரண்டையும் அட்டைகளில் பதிந்து அகர வரிசையில் அடுக்கினார்கள். தேடுபவரின் அட்டையும் தேடப்படுபவரின் அட்டையும் பெட்டிக்குள் சந்தித்துவிட்டால் வீட்டுக்குச் செய்தி போகும். இப்படிச் சேர்ந்தவை சுமார் 70 இலட்சம் அட்டைகள். வேலை செய்த தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொடக்கத்தில் போர்வீரர்களைத் தேடுவதே நோக்கமாக இருந்தது. சாதாரண சனங்களையும் தேடவேண்டும் என்று டொக்டர் ஃபெரியேர் என்பவர் அதற்கெனத் தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். இந்த அட்டைத் தொகுதி 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

ஒரு அட்டையில் பெயர், ஊர், கடைசியாகக் கண்ட இடம், திகதி, தேடுபவரின் விலாசம் ஆகியவையே இருக்கும். ஒரு தாய் சரியாக எழுதிக் கொடுத்த விபரமே தேடலின் முதல் படி.

"இதெல்லாம் அறிஞ்சு என்ன வரப்போகுது?"

தையல் வகுப்பொன்றில் இப்படியான செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி கேட்டார். "அக்கா, உலகத்துக் கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதெல்லாம் அறிஞ்சு எங்களுக்கு என்ன வரப்போகுது? அவர் இல்லாமல் காணியைக்கூட ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லுறாங்கள்." நியாயமான கேள்வி. அதனால் அடுத்த துளி எங்கள் ஊர்ச் சட்டத்தைப் பற்றியது.

யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், இங்குள்ள வழக்கங்களைத் தொகுத்துத் தரும்படி ஆளுநர் சைமன்ஸ் கட்டளையிட்டார். கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் தொகுத்து முடித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, 12 முதலிமாரிடம் கொடுக்கப்பட்டு, சரி என்று ஒப்பம் பெறப்பட்டது. இதுதான் தேசவழமை. 1806இல் ஆங்கிலேயரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று நாங்கள் இன்றும் சொல்லும் பிரிவுகள் அதில் உள்ளவையே. பெண்ணின் சீதனம் பெண்ணுடையது என்று அது தெளிவாக வைத்திருந்தது. ஆனால் சரிபார்த்த 12 பேரில் ஒரு பெண்ணும் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1911இல் யாழ்ப்பாணத்துக்கான திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணி, வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அந்தச் சகோதரி கேள்விப்பட்டது இதைத்தான். ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் சொல்லியது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது அவர் இருக்கும் இடம் தெரியாதிருந்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து அச்சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். முதல் பாதியை ஊரில் எல்லோரும் சொல்லுவார்கள். இரண்டாம் பாதியைச் சொல்பவர்கள் குறைவு.

இன்னுமொன்று. இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக 2016இல் இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. இறந்தார் என்று எழுதாமல், காணாமற்போயுள்ளார் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற அது இடம் கொடுத்தது. உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கவும், அவருடைய சொத்தைப் பராமரிக்கவும், பிள்ளைகளின் பாதுகாவலைப் பெறவும் அதைப் பயன்படுத்தலாம். அதை எடுப்பதும் விடுவதும் உங்கள் மனம். எடுத்தால் தேடுவதை நிறுத்திவிட்டதாக அர்த்தம் இல்லை. உங்கள் காணியின் விடயத்தில் என்ன பொருந்தும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேளுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக ஆலோசனை கிடைக்கும். போகும்போது உறுதி, அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுபோங்கள்.

வாக்குச்சீட்டு

இலங்கையில் 21 வயதான பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1931இல். பிரித்தானியாவில் ஆணுக்குச் சமமாகப் பெண்கள் வாக்குப் பெற்றது 1928இல்தான். சுவிற்சர்லாந்தில் பெண்கள் தேசியத் தேர்தலில் வாக்குப் பெற 1971 வரை காத்திருந்தார்கள்.

இது சும்மா கிடைத்ததல்ல. 1927இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கம், டொனமூர் ஆணைக்குழு முன் போய் வாதாடியது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கொடுக்கலாம் என்றுதான் ஆணைக்குழு முதலில் சொன்னது. அது 21 ஆகக் குறைந்தது. 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வெற்றி பெற்று அரசாங்க சபைக்குப் போனார். 1931 தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தபடியால் அங்குள்ள தொகுதிகளுக்கு 1934இல்தான் உறுப்பினர்கள் தெரிவானார்கள்.

அக்காலப் பெண்களில் டொக்டர் மேரி இரட்ணத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1873இல் கனடாவில் பிறந்து, வைத்தியராக இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டிலேயே வாழ்ந்து 1962இல் மறைந்தவர். கிராமப் பெண்களுக்காக 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடக்கினார். சுகாதாரம், தோட்டம், கைப்பணி என்று கிராமத்துக்குள்ளேயே பெண்களை ஒன்று சேர்த்தது அச்சங்கம். 1958இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

கூடை

ஆபிரிக்காவில் ருவாண்டா என்ற சிறிய நாட்டில் 1994இல் சுமார் நூறு நாட்களுக்குள் எட்டு இலட்சம் பேர் வரையில் கொல்லப்பட்டார்கள். அங்கே பெண்கள் புல்லாலும் நாராலும் பின்னும் கூர்மூடிக் கூடைக்கு 'அகசேக்கே' என்று பெயர். அந்நாட்டு அரச சின்னத்திலும் அக்கூடை உண்டு. கொல்லப்பட்டவர்களின் மனைவியரும், கொன்றதாகச் சிறை சென்றவர்களின் மனைவியரும் ஒரே பாயில் இருந்து அதைப் பின்னி விற்றார்கள். மனங்கள் ஒரே நாளில் ஒட்டிவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு தேவைப்பட்டது, இருந்து பின்னினார்கள்.

அந்நாட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பெற்றோரின் காணியில் உரிமை இருக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் ஆண்கள் இல்லாமற்போன பின்னர் அந்த வழக்கம் பெண்களை வீதியில் விட்டது. 1999இல் சட்டம் மாற்றப்பட்டு மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை வந்தது. 2008 தேர்தலில் நாடாளுமன்றக் கீழ்ச்சபையில் 56 வீதமானோர் பெண்களாகத் தெரிவானார்கள். உலகில் பெண்கள் பெரும்பான்மையாக அமர்ந்த முதல் நாடாளுமன்றம் அதுவே.

உங்களுக்கு ஒரு வேலை

ஒரு பழைய கொப்பியை எடுங்கள். முதல் பக்கத்தில் குடும்பத்தவர் எல்லோரினதும் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். காணாமற்போனவர் இருந்தால் கடைசியாகக் கண்ட இடம், திகதி, உடுத்திருந்த உடுப்பு, உடலில் உள்ள அடையாளம், எங்கெங்கே முறையிட்டீர்கள், அந்த முறைப்பாட்டு இலக்கங்கள் ஆகியவற்றையும் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் காணி எல்லைகளையும் உறுதியின் இலக்கத்தையும் எழுதுங்கள். நினைவு தேய்ந்துபோகும். எழுதத் தெரியாத அம்மாமார் அயலில் இருந்தால் கூப்பிட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

அந்தக் கொப்பியை வளர்ந்த பிள்ளை ஒருவருக்கும் காட்டி, வைத்திருக்கும் இடத்தையும் சொல்லி வையுங்கள். அடுத்த மாதம் பனையும் ஓலையும் பற்றிய துளிகளோடு சந்திப்போம். உங்கள் ஊர்ப் பனைக் கதைகள் இருந்தால் அதற்கு முன் எழுதி அனுப்புங்கள்.