பூனைக்குத் துணை வேணும்னு யார் சொன்னது?

பெங்களூர், சென்னைன்னு காரில் போகிறவர்கள் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துவார்கள். தெரிந்தவர்கள் சிலர் அப்படியே பேரணாம்பட்டு ரோட்டில் திரும்பி எங்க நிலத்துக்கும் வந்து போவார்கள். கிளம்பும்போது, "அண்ணே, ஒரு பூனைக்குட்டி குடுங்க. வீட்ல ஏற்கனவே ஒண்ணு தனியா கெடக்கு, அதுக்குத் துணையா இருக்கும்" என்பார்கள்.

இந்தத் "துணை" என்கிற வார்த்தை மேலதான் எனக்குக் கோபம். உங்க பூனை உங்ககிட்ட துணை கேட்டுச்சா?

பூனை கூட்டமாக வேட்டையாடுகிற பிராணி இல்லை. மேற்காசியாவில் சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னால் மனுஷன் தானியத்தைச் சேர்த்து வைத்தான், எலி வந்தது, எலிக்குப் பின்னால் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துக்கு முன்னால் மனுஷனுக்குப் பக்கத்திலேயே புதைத்த பூனையின் எலும்பு கிடைத்திருக்கிறது. நம்மோடு பழகியது வாஸ்தவம். ஆனால் முன்பின் தெரியாத இன்னொரு பூனையோடும் பழகுகிறேன்னு அது ஒத்துக்கவே இல்லை.

"உங்க ஊர்ல அஞ்சாறு பூனை ஒண்ணாதானே இருக்கு?" என்பீர்கள். உத்துப் பாருங்க. பெரும்பாலும் தாய், மகள், அக்கா, தங்கச்சியாத்தான் இருக்கும். ஒருத்தி குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுப்பாள். வெளியிலிருந்து ஒரு குட்டி வந்தால் கதையே வேற. சீறும், அறையும். ஆனால் இங்கே வைக்கோல் போர் இருக்கு, மாட்டுக் கொட்டகைக் கூரை இருக்கு, தென்னந்தோப்பு இருக்கு. பிடிக்கலைன்னா பெரிய பூனை விலகிப் போய்விடும். ரெண்டு மாசம் கழித்துப் பார்த்தால் ஒரே திண்ணையில் நாலடி தள்ளிப் படுத்திருக்கும். அது பாசம் இல்லீங்க, இடம் செஞ்ச வேலை.

உங்க ஃப்ளாட்டில் அந்த இடம் கிடையாது. நாங்க இடத்தை வைத்துச் செய்கிறதை, நீங்க கதவையும் நாளையும் வைத்துத்தான் செய்யணும்.

ஆனால் நடக்கிறது என்ன? காரிலிருந்து இறங்கின கையோடு குட்டியைப் பழைய பூனை மூஞ்சிக்கு நேரா வைத்து வீடியோ எடுக்கிறது. அது சீறினால் "பொறாமை"ன்னு சிரிக்கிறது, அப்புறம் அதட்டுறது. மூணாம் நாள் அது சோபாவில் மூத்திரம் போகும். அஞ்சாம் நாள் எனக்கு போன் வரும்: "குட்டியைத் திருப்பி எடுத்துக்குங்க." போன் பண்ணுகிறவர்களாவது தேவலாம். சிலர் பைபாஸ் ஓரமா விட்டுட்டு, "பொழைச்சுக்கும்" என்று போய்விடுகிறார்கள். திரும்பி வந்த குட்டியைப் பெத்த தாயே மோந்து பார்த்துச் சீறும். அது மேல உங்க வீட்டு வாசனை இல்ல இருக்கு.

வாசனையைப் பத்தி எங்க பக்கத்துக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும், டேனரி நாத்தத்தை வைத்தே எந்த ஊர் வந்திருக்குன்னு சொல்லிவிடுவோம். மனுஷ மூக்குக்கே இப்படின்னா, பூனைக்கு வீடு முழுக்க வாசனைதான். நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்க்கிறதே "இது என் இடம்" என்று எழுதி வைக்கிறதுதான். அதில் திடீர்னு வேற வாசனை வந்து நின்றால் சீறாமல் என்ன செய்யும்?

அதனால் முதலில் குட்டியைத் தனி அறையில் வையுங்க. ரெண்டு வாரமாவது இருக்கட்டும், நோய் நொடி இருந்தாலும் தெரிந்துவிடும். தடுப்பூசி போடுங்க. அது படுத்த துணியைப் பெரிசுகிட்டேயும், பெரிசு படுத்த துணியைக் குட்டிகிட்டேயும் போடுங்க. மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சோறு வையுங்க. அந்த வாசனை வந்தால் சோறு வரும்னு ரெண்டும் பழகட்டும். அப்புறம்தான் கம்பி வலை வழியாகப் பார்க்கிறது. அதுக்கும் அப்புறம்தான் கொஞ்ச நேரம் நேருக்கு நேர். சீறினால் விடுங்க, அது பேச்சு. காதை மடக்கித் துரத்திக் கடித்தால் பிரித்து, முந்தின படிக்குப் போங்க. பிரிக்கத் தலையணையை நடுவில் விடுங்க, கையை விடாதீங்க. கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரேபீஸ் பூனையாலும் வரும்.

ரெண்டு பூனைக்கு மூணு மணல் தட்டு. பெரிசு ஏறி உட்கார உயரத்தில் ஒரு பலகை. மடியில் முதல் இடம் பழசுக்குத்தான்.

"வேலைக்குப் போறவங்க, இதெல்லாம் முடியுமா?" என்று கேட்காதீங்க. எங்க தெருவில் ஷூ கம்பெனிக்குக் காலையில் பஸ் ஏறி சாயங்காலம் திரும்புகிற ஒரு தங்கச்சி, சின்ன வீட்டில் இதைச் செய்து முடித்தது. பகலில் குட்டி சாமான் அறையில். சோறு வைக்கிற நேரம் குட்டி கோழிக் கூண்டுக்குள்ளே, பெரிசு வெளியே. இருபத்தஞ்சு நாள் ஆச்சு. இப்பவும் ரெண்டும் ஒட்டிப் படுக்காது, ஆனால் சண்டை இல்லை. அது போதும்.

பத்துப் பன்னிரண்டு வயசான பூனை, நாள் முழுக்கத் தூங்குகிறது என்றால், அதைத் துள்ளுகிற குட்டியோடு அடைக்காதீங்க. அதுக்கு வேண்டியது நிம்மதி.

இன்னொரு குட்டி வளர்க்க ஆசைன்னா, "எனக்கு ஆசை" என்று நேரா சொல்லுங்க. தப்பே இல்லை. பழைய பூனை பேரைச் சொல்லிக் கேட்காதீங்க. எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தர மாட்டேன். மூடுகிற கதவு ஒண்ணும், ஒரு மாசம் பொறுமையும் இல்லாத வீட்டுக்கு எந்தக் குட்டியும் தர மாட்டேன்.