விழுந்தவனும் பார்த்தவனும்

கமெரா வந்தால் உதைபந்தாட்டத்தில் அளாப்பல் ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் எங்கள் ஈச்சிலம்பற்றிலும் இருக்கிறார்கள். ஒரு பெனல்டிக்காக இரண்டு பகுதியும் மல்லுக்கு நிற்கும் நேரத்தில், "இங்கயும் ஒரு வி.ஏ.ஆர். இருந்தா தெரியும்" என்று யாராவது ஒரு பொடியன் சொல்லுவான். அதாவது, படத்தைத் திருப்பி ஓட்டிப் பார்த்து மத்தியஸ்தரின் முடிவைத் திருத்தும் முறை. கையில் போன், இரவிரவாக ஐரோப்பிய ஆட்டங்கள், விடிந்தால் அதே பேச்சு. அவனுடைய ஆசையில் பிழை இல்லை. எனக்குத்தான் அந்த நம்பிக்கை வரவில்லை.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 11, டோஹா. உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் கட்டாரை எதிர்த்து இந்தியா விளையாடுகிறது. அணித்தலைவர் சுனில் சேத்ரி ஓய்வுபெற்ற பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் ஆட்டம். 37ஆவது நிமிடத்தில் சாங்டே கோல் போட்டு இந்தியாவை முன்னுக்குக் கொண்டுவந்தார். வென்றால் மூன்றாம் சுற்று. இந்தியா அதுவரை எட்டிப் பார்க்காத இடம். 73ஆவது நிமிடத்தில் இந்தியக் கோல்காப்பாளர் குர்பிரீத் தடுத்த பந்து கோல் கம்பத்துக்கு வெளிப்பக்கமாகக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. கட்டார் வீரர் ஒருவர் காலால் அதை உள்ளே இழுத்தார். யூசுப் அய்மன் வலைக்குள் தள்ளினார். இந்திய வீரர்கள் ஆட்டம் நின்றுவிட்டதென்று நினைத்து நின்றுகொண்டிருந்தார்கள். தென்கொரிய மத்தியஸ்தர் கோல் கொடுத்தார். 85ஆவது நிமிடத்தில் இன்னொன்று. இந்தியா வெளியே. அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. இந்தியச் சம்மேளனம் முறைப்பாடு செய்து பார்த்தது, முடிவு மாறவில்லை.

பந்து வெளியே கிடப்பதை அடுத்த நிமிடமே உலகம் முழுவதும் போனில் பார்த்தது. பார்க்க முடியாமல் நின்ற ஒரே ஆள் விசில் வைத்திருந்தவர். இந்தக் காலத்து மத்தியஸ்தரின் பாவம் இதுதான். ஆகவே கமெரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அந்த இரவில் உறுத்தியது வேறு. பந்துக்கு மிகக் கிட்ட நின்றவர்கள் ஆட்டக்காரர்கள். கட்டார் பக்கத்திலிருந்து யாரும் கை உயர்த்தவில்லை. உயர்த்துவார்கள் என்று நாமும் எதிர்பார்க்கவில்லை. அப்படி எதிர்பார்ப்பதே சிரிப்புக்குரிய விஷயமாகிவிட்டது. இத்தனைக்கும் உயர்த்தியவர்கள் இருந்திருக்கிறார்கள். 1997 மார்ச்சில் ஆர்சனலுக்கு எதிராக லிவர்பூலின் ரொபி பவுலர் கோல்காப்பாளர் சீமனைத் தாண்டும்போது விழுந்தார். மத்தியஸ்தர் பெனல்டி என்றார். பவுலர் எழுந்து கையை ஆட்டி "இல்லை, அவர் என்னைத் தொடவில்லை" என்று காட்டினார். மத்தியஸ்தர் மாறவில்லை. பவுலரே அடித்தார், சீமன் தடுத்தார், தெறித்து வந்த பந்தை மெக்அடீர் கோலாக்கினார். உண்மை சொன்னவரின் அணிக்கே கோல் கிடைத்த வேடிக்கை அது.

ஜேர்மன் வீரர் க்ளோசேவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2012 செப்டெம்பரில் நாப்போலியின் மைதானத்தில் லாசியோவுக்காக அவர் போட்ட கோல் கையில் பட்டுப் போனது. மத்தியஸ்தர் கோல் கொடுத்துவிட்டார். க்ளோசே தானே போய்ச் சொன்னார், கோல் இரத்தானது. லாசியோ 3-0 என்று தோற்றது. அன்று எந்தக் கமெராவும் அவரைக் கேள்வி கேட்கவில்லை.

இனி கமெரா இருந்த இடத்துக்கு வருவோம். 2018இல் வி.ஏ.ஆர். விதிப்புத்தகத்தில் ஏறியபோது அதற்குக் கொடுத்த வேலை நான்குதான்: கோல், பெனல்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது. மைதானத்தின் நடுவில் ஒருவன் பொய்யாக விழுந்து உருண்டால் அது திரைக்குப் போகாது. அந்த வருட உலகக் கிண்ணத்தில் கொஸ்தாரிக்காவுக்கு எதிராக நெய்மார் பெட்டிக்குள் பின்புறமாகச் சாய்ந்தார். மத்தியஸ்தர் கைப்பர்ஸ் பெனல்டி கொடுத்தார். பிறகு திரையில் பார்த்துவிட்டு அதைத் திருப்பி எடுத்தார். பார்த்தவர்கள் கை தட்டினார்கள், இனி விழ முடியாது என்று. ஆனால் அந்த விழுகைக்காக மஞ்சள் அட்டை வரவில்லை. மேலதிக நேரத்தில் பிரேசில் இரண்டு கோல் போட்டது, இரண்டாவது நெய்மாருடையது. விழுந்து பார்த்ததில் அவருக்கு என்ன நட்டம்?

இப்போது விழுகிறவர்கள் படித்துவிட்டார்கள். ஒன்றுமே படாமல் விழுந்தால் திரை காட்டிக்கொடுக்கும். ஆகவே காலைக் கொண்டுபோய் எதிராளியின் காலில் கொழுவிவிட்டு விழுகிறார்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தொட்டது உண்மை. தொட்டதனால் விழுந்தானா, விழுவதற்காகத் தொட்டானா என்பது எத்தனை கோணத்தில் பார்த்தாலும் தெரியாது. மெதுவாக ஓட்டும்போது சின்னத் தட்டலும் பெரிய உதைபோலத் தெரியும் என்பது இன்னொரு தொல்லை.

நடிப்புக்கெல்லாம் தலைநடிப்பு 1989 செப்டெம்பர் 3ஆம் திகதி மரக்கானாவில் நடந்தது. உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் சிலிக்கு எதிராகப் பிரேசில் 1-0 என்று முன்னால். பார்வையாளர் பகுதியிலிருந்து எறியப்பட்ட தீப்பந்தம் ஒன்று சிலியின் கோல்காப்பாளர் ரொபேர்ட்டோ ரோஹாஸ் அருகே விழுந்து புகைந்தது. அவர் நெற்றியில் இரத்தத்தோடு கிடந்தார். சிலி அணி அவரைத் தூக்கிக்கொண்டு வெளியேறித் திரும்பி வர மறுத்தது. தீப்பந்தம் விழுந்த கணத்தைத் தொலைக்காட்சி பிடிக்கவில்லை. ஓர் ஆர்ஜன்டீனப் புகைப்படக்காரர் பிடித்திருந்தார். தீப்பந்தம் ரோஹாஸின் மேல் படவே இல்லை. கையுறைக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேட்டால் தானே நெற்றியைக் கீறிக்கொண்டார் என்பது பிறகு வெளிவந்தது. ரோஹாஸுக்கு ஆயுட்காலத் தடை (2001இல்தான் நீக்கினார்கள்), சிலிக்கு 1994 உலகக் கிண்ணத்தில் இடமில்லை. படம் பிடித்தது ஒரு கமெராதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன்பிறகு யாரும் பிளேட் கொண்டுபோகாததற்குக் காரணம் படம் இல்லை, தண்டனை. ஒரு நாடே வெட்கப்பட்டது.

வெட்கம் என்றதும் ஊருக்கு வந்துவிடலாம். வயல் வெட்டு முடிந்த வெளியிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் பின்னேரம் நடக்கிற ஆட்டத்தில் பார்ப்பவர்கள் கோட்டில் காலை வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். பெட்டிக்குள் ஒருவன் விழுந்தால் அவனுடைய சித்தப்பா முதலில் கத்துவார்: "எழும்பு மனே, உனக்கு ஒண்டும் நடக்கல்ல!" எதிரணி கத்தினால் அது வாய்ச்சண்டை. சொந்தப் பகுதி கத்தினால் அவன் எழும்பித்தான் ஆக வேண்டும். அடுத்தநாள் அதே தேத்தண்ணிக் கடையில் இருக்க வேண்டும், வெருகல் கோயில் திருவிழாவில் அதே முகங்களைப் பார்க்க வேண்டும்.

ஊரைப் புனிதமாக்கி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பெனல்டிக்காகச் சனம் உள்ளே இறங்கி ஆட்டம் குழம்பியதையும், மத்தியஸ்தரைச் சுற்றி வளைத்து அவர் எந்த ஊர் மருமகன் என்று ஆராய்ந்ததையும் பார்த்தவன்தான் நான். கொஞ்ச வருடங்களாக இன்னொன்றும் பார்க்கிறேன். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பந்தை எடுத்துப் போகப் படிக்க முன்னமே விழப் படித்துவிடுகிறார்கள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று உருளல், பிறகு விரல் இடுக்கால் மத்தியஸ்தரைப் பார்ப்பது. பார்த்து நிற்கிற அண்ணன்மார் சிரித்துக்கொண்டு கை தட்டுகிறார்கள். சித்தப்பாவின் குரல் அதில் அமுங்கிப் போகிறது. எனக்குப் பயம் அந்தக் கைதட்டலில்தான்.

குறைந்த கமெராவோடு நடத்தக்கூடிய மலிவான முறை ஒன்றையும் பீபா பரீட்சித்து வருகிறது. 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கிண்ணத்தில், ஒவ்வொரு பயிற்றுநரும் ஆட்டத்துக்கு இரண்டு தடவை மறுபார்வை கேட்கலாம் என்று விட்டுப் பார்த்தார்கள். திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்துக்கு அது ஒருநாள் வந்தால் சந்தோஷம். எங்கள் இலங்கைச் சம்மேளனத்துக்கே பீபா 2023 ஜனவரி தொடக்கம் ஓகஸ்ட் வரை தடை போட்டிருந்த நாட்டில் அதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

அதுவரைக்கும், கழகங்களை நடத்தும் தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற சுற்றுப்போட்டிக்கு ஆளுயரக் கிண்ணம் வேண்டாம். அந்தக் காசில் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் ஒருவரையும் இரண்டு லைன்ஸ்மன்களையும் வெளியூரிலிருந்து கூப்பிடுங்கள். அவர்களுக்குச் சாப்பாடும் போக்குவரத்துக் காசும் மரியாதையாகக் கொடுங்கள். பொய்யாக விழுந்தவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினால் அவனுடைய கழகம் வாய் திறக்காது என்று போட்டிக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோட்டில் நிற்கிற அண்ணன்மாரே, உங்கள் பொடியன் விழுந்து நடித்தால் தயவுசெய்து கை தட்டாதீர்கள்.