மூதாட்டியைக் கேட்டு மருந்து கொடுங்கள்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ரப்பர் மரங்களெல்லாம் சாய்க்கப்பட்டுச் செம்பனை ஏறிவிட்ட ஒரு பழைய தோட்டத்தில், இன்னும் இடிபடாமல் நிற்கும் லயத்தின் கடைசி வீட்டில் குடியிருக்கும் எழுபத்திரண்டு வயதுப் பாட்டியம்மாள் ஒருவர், மருத்துவமனைக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, செம்மண் பாதையில் அரை மைல் நடந்து வாசற்படியை மிதித்த பிறகுதான், தம் இடது காலில் செருப்பு இல்லை என்பதைக் கண்டார். எங்கே நழுவியது என்று தெரியவில்லை, நழுவியதே தெரியவில்லை. மார்பகப் புற்றுநோய்க்காக வாரந்தோறும் நரம்பில் ஏற்றப்பட்டு வந்த மருந்து, பாதத்தின் உணர்ச்சியைச் சிறிது சிறிதாக அபகரித்திருந்தது. ரவிக்கையின் ஊக்கை மாட்டுவதற்கு இரண்டு வாரமாகப் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்துபோய்க் கொண்டிருந்தாள். இதை மருத்துவமனையில் சொன்னீர்களா என்று கேட்டோம். "சாக்கிட்டான்னு மிஸ்ஸி கேட்டாங்க, தடான்னு சொன்னேன். மரத்துப்போறது சாக்கிட்டா என்ன?" என்றார். மிஸ்ஸி என்றது தாதியை; மலாயில் சாக்கிட் என்றால் வலி, தடா என்றால் இல்லை.

அவர் சொன்னதில் பிழையில்லை. வலி இல்லை என்பது உண்மையே. பிழை கேள்வியில் இருந்தது. அந்தக் கேள்வியைத் திருத்தவேண்டும் என்பதே நம் வாதம்.

வயது முதிர்ந்த ஸ்திரீகளுக்குக் கீமோ சிகிச்சை அளிப்பதில் இரண்டு விதமான அநியாயம் நேரக்கூடும். கிழவிக்கு எதற்கு இந்தச் சித்திரவதை என்று இரக்கத்தின் பெயரால் சிகிச்சையையே மறுத்துவிடுவது ஒன்று. நாற்பது வயதுக்காரிக்கு வகுத்த அளவை அப்படியே கொடுத்துவிட்டு, அதன் பின்விளைவுகளை அவள் தனியே சமாளித்துக்கொள்ளட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது மற்றொன்று. முதலாவது தவறு என்பதற்கு 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன 633 மார்பகப் புற்றுநோயாளிகளில் ஒரு சாராருக்கு வழக்கமான கீமோவும், மறுசாராருக்குச் சற்றே இலேசானதென்று கருதப்பட்ட கேப்சிடபின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது, மாத்திரை பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் இருமடங்காக இருந்தது. ஆனால் அதே ஆய்வு இரண்டாவது அநியாயத்துக்கும் சாட்சி சொல்கிறது: வழக்கமான கீமோ பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேரை மிதமானது முதல் கடுமையானது வரையிலான நச்சுவிளைவுகள் பீடித்தன, மாத்திரைக்காரர்களில் 33 பேரைத்தான். ஆகவே, பலனும் மெய், துன்பமும் மெய். இன்னாருக்கு எது மிகும் என்பதை முன்கூட்டி அறிய வழியுண்டா என்பதே விஷயம்.

வழியுண்டு. காலஞ்சென்ற ஆர்த்தி ஹுரியா என்ற முதியோர் புற்றுநோய் வைத்திய நிபுணர் 2011-இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆராய்ச்சி, ரத்தப் பரிசோதனைகளோடு மிகச் சாதாரணமான சில கேள்விகளையும் சேர்த்துக் கேட்டாலே, யாருக்குக் கீமோ தாங்காது என்று பெரும்பாலும் கணித்துவிடலாம் என்று காட்டியது. கடந்த ஆறு மாதத்தில் கீழே விழுந்தீர்களா? காது சரியாகக் கேட்கிறதா? ஒரு தெருவின் நீளம் நடக்க முடிகிறதா? மாத்திரைகளைப் பிறர் உதவியின்றி எடுத்துக்கொள்கிறீர்களா? நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாரும் கேட்கக்கூடிய கேள்விகள். இத்தகைய மதிப்பீட்டைச் செய்து, அதன் முடிவையும் ஆலோசனையையும் வைத்தியரின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2021-இல் 'லான்செட்' இதழில் வந்த மற்றோர் ஆய்வு சோதித்தது. முற்றிய புற்றுநோயுள்ள எழுபது வயது கடந்த 718 பேரில், கடுமையான நச்சுவிளைவு மற்றவர்களிடையே 71 சதவிகிதமாக இருக்க, மதிப்பீட்டின் துணையோடு சிகிச்சை பெற்றவர்களிடையே 51-ஆக இறங்கியது. அதனால் ஆயுள் குறையவும் இல்லை.

பேராக்கின் தோட்டப்புறத்தில் இந்தக் கேள்விகளுக்குத் தனியானதொரு கனம் உண்டு. விடியுமுன் பெரட்டில், அதாவது வருகைப் பதிவு வரிசையில், நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, விளக்கும் உளியுமாக ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கப் போன தலைமுறை இது. காய்ச்சலென்றால் தோட்ட மருந்தகத்து டிரசர் கொடுத்த கலவைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனவர்களுக்கு, முறையிடுவது என்பதே பழக்கமில்லை. களைக்கொல்லி தெளிப்பதையும் 'மருந்தடிப்பு' என்றுதானே சொன்னோம்! மருந்து என்றால் எரியும், குமட்டும், பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பது அந்த நாளிலேயே படிந்துவிட்ட பாடம். போதாக்குறைக்கு நீரிழிவு. மலேசியாவில் இந்திய வமிசத்தாரிடையேதான் அது மிகுதி என்று தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சர்க்கரையால் ஏற்கெனவே பாதி மரத்த பாதத்தில் பாக்ளிடாக்ஸல் போன்ற கீமோ மருந்து எஞ்சியதையும் எடுத்துக்கொள்ளும். வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் முன்காப்பாகத் தரும் ஸ்டீராய்டு சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

இவற்றையெல்லாம்விடப் பயங்கரமானது, மருந்து ஏற்றிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே, ரத்தத்தின் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் வேளையில் வரும் காய்ச்சல். வெப்பமானியில் 38 டிகிரியைத் தொட்டால் மணிக்கணக்குத்தான் அவகாசம். ஆனால் மகன் சிங்கப்பூரில், மகள் கிள்ளானில், வீட்டில் வெப்பமானியே இல்லை என்றிருக்கும் மூதாட்டி என்ன செய்வார்? நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். காலையில் போகலாம் என்றிருப்பார்.

இத்தனையும் கேட்க டாக்டர்களுக்கு நேரமில்லை என்ற ஆட்சேபம் எழும். நியாயமான ஆட்சேபமே, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளின் வரிசைகளைப் பார்த்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார். அதனால்தான் இந்த வேலையை டாக்டரிடம் கொடுக்கச் சொல்லவில்லை. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014-இல் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கென்று வழித்துணையாளர்களை நியமித்தார்கள். பரிசோதனைகள் துரிதப்பட்டன, சிகிச்சையை நடுவில் கைவிட்டவர் தொகையும் குறைந்தது. பேராக்கில் அறுபத்தைந்து கடந்த ஒவ்வொரு கீமோ நோயாளிக்கும் அவ்விதத் துணையொருவர் வேண்டும். அவர் நோயாளியின் பாஷையைப் பேசுபவராக இருக்கவேண்டும். முதல் மருந்துக்கு முன்பே மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டு விடையைக் கோப்பில் ஏற்றட்டும். ஒரு வெப்பமானியைக் கையில் கொடுத்து, எண்ணைப் படிக்கவும் சொல்லித் தரட்டும். எட்டாம் நாள் தொலைபேசியில் அழைக்கட்டும். ரத்தப் பரிசோதனைக்காகவே ஈப்போ வரை அலையவிடாமல், அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கிலேயே அதை எடுத்து அனுப்பும் ஏற்பாட்டையும் மாநிலச் சுகாதார இலாகா செய்யவேண்டும். ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகைக் கட்டியுள்ள முதியவர்களில் பலருக்குக் கீமோவே வேண்டாம், ஹார்மோன் சிகிச்சை மாத்திரையே போதும் என்பதையும், அந்த மாத்திரை இன்னதென்பதையும், கையொப்பம் வாங்கும் முன்னர் தமிழில் எடுத்துச் சொல்லவேண்டும்.

செருப்பை இழந்த அந்தப் பாட்டியம்மாளிடம் அடுத்த வாரம் வேறொரு மிஸ்ஸி, தற்செயலாகத் தமிழ்ப் பெண், "கால்ல மண்ணு மிதிச்சா தெரியுதா பாட்டி?" என்று கேட்டாளாம். தெரியவில்லை என்றார் பாட்டி. அன்றே டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்தார். இப்போது அவர் குதிகாலில் வார் வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு போய்வருகிறார்.